ஓய்வு என்று எழுதிய மூன்று மணித்தியாலம்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கௌரிக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாய் இருக்க வேண்டும். என் சுகத்தைக் கேட்காதே. போன் எடுத்தால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன். அதுதான் எழுதுகிறேன்.

நேற்று விளக்கமறியல் சிறையில் உன் மனுசனைப் பார்த்தேன். சுதன் நல்லாய் மெலிந்துபோனார். மதவாச்சியில் தான் கண் அயர்ந்து ஓட்டின லொறியில் அடிபட்டுச் செத்த சைக்கிள்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு என்றேன்.

தம்புள்ளையில் மூன்று மணித்தியாலம் ஓய்வு கொடுத்தோம், நித்திரை கொள்ளாதது சாரதியின் பிழை என்று கம்பனி சொல்கிறது. நேர அட்டவணையைத்தான் நீதிமன்றத்தில் காட்டப் போகிறார்கள். அதை எழுதினது ஆர்? கொட்டாஞ்சேனைக் கந்தோரில் இருந்துகொண்டு உன் அப்பாதான்.

உனக்கு விளங்கச் சொல்கிறேன். மரத்தட்டுகளில் அடுக்கிக் கட்டின சாமான்களோடு பன்னிரண்டு ஊர் லொறிகளும் நடுச்சாமத்தில் தம்புள்ளைக்கு வரும். அங்கே தட்டுகளை ஊருக்கு ஊர் மாற்றி ஏற்றிக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்பும். ஒன்று பிந்தினால் மற்றப் பதினொன்றும் காத்துக் கிடக்கும். என் அட்டவணை ஒருநாளும் பிந்தினதில்லை என்று எத்தனை பேருக்குப் பெருமையடித்திருப்பேன்.

அந்த மூன்று மணித்தியாலத்தைத்தான் ஓய்வு என்று போட்டேன். வேறு எங்கே போட்டாலும் லொறி பிந்தும். ஆனால் அங்கே எவரும் படுக்க ஏலாது. வரிசையில் லொறியை முன்னுக்கு முன்னுக்கு எடுக்க வேண்டும், கண் அயர்ந்தால் முறை போய்விடும். அது எனக்குத் தெரியும்.

சித்திரையில் இங்கே வந்தபோது, சாப்பாட்டில் கை வைத்தபடியே சுதன் சொன்னார்: "மாமா, அங்க நான் கண் மூடுறதே இல்லை. ஓய்வெண்டு எழுதாதேங்கோ." இந்த வயதில் என்ன நித்திரை என்று நான் பகிடி விட்டேன். பகலில் உங்களோடு இருக்கட்டும் என்று அந்த இரவு ஓட்டத்தை அவருக்கு எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

வெள்ளிக்கிழமை மனேஜர் கூப்பிட்டு, அட்டவணையில் உள்ளது உண்மை என்று ஒரு கடுதாசியில் கையெழுத்துக் கேட்டார். போட்டுவிட்டேன், கௌரி. அறுபத்திமூன்று வயதில் இனி ஆர் வேலை தருவான் என்ற பயம். வெட்கங்கெட்ட பயம்.

அதைச் சொல்லத்தான் நேற்று சுதனிடம் போனேன். வெளிக்கிடும்போது, சாப்பிட்டியளோ மாமா என்று அவர் கேட்டார். சொல்லாமலே வந்துவிட்டேன்.

இதை வாசித்த கோபத்தில் கிழித்துப் போடாதே. உடனே சுதனின் சட்டத்தரணியிடம் கொடு. இருபத்திநான்காம் திகதி வழக்குத் தவணைக்கு நானும் நீதிமன்றம் வந்து, இதில் எழுதினதை அப்படியே சொல்வேன். அன்றைக்கு எனக்குத் துணிவு வராமல் போனாலும் இந்தக் கடிதம் இருக்கட்டும். கீழே இருப்பது அட்டவணையில் உள்ள அதே கையெழுத்து. ஒத்துப் பார்க்கச் சொல்.

கடவுள் உங்களைக் காக்கட்டும். நீ என்னை மன்னிக்க வேண்டாம் பிள்ளை. அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நித்திரை கொள்ள விடு.

உன் அப்பா,
க. சவுந்தரநாயகம்