மாவுக்கட்டின் மேல் பொறாமை

ஆடி 5, இரவு.

என்னோடு உணவு டெலிவரி வண்டி ஓட்டும் சேகர் கொள்ளிடப் பாலத்தில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான். இன்று தில்லை நகர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.

"நல வாரியக் கார்டு இருக்குண்ணே. உதவிக்கு எழுதிப் போட்டாச்சு. கால் சேர்ற வரைக்கும் ரெஸ்ட்தான்" என்று மாவுக்கட்டோடு ராஜா மாதிரி சாய்ந்துகொண்டான்.

எங்களைப் போன்ற டெலிவரி ஆட்களுக்கான அந்த வாரியத்தில் அவன் பதிந்தபோது, "நெனச்சா ஓட்டுவோம், நெனச்சா தூங்குவோம். நமக்கெதுக்குடா வாரியம்?" என்று கேட்டவன் நான்தான். இந்த வாரம் காய்ச்சலோடு ஓட்டினேன். நினைத்தும் தூங்க முடியவில்லை.

அதற்குள் ஆர்டர் மணி அடித்தது. படுத்திருந்தவன் கையும் போனைத் தேடியது. "உனக்கில்லடா, எனக்கு" என்று ஓடினேன். அவனுக்கு வாங்கிய ஆரஞ்சு என் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

"நோயாளிக்கு வாங்குனத ஏங்க திருப்பிக் கொண்டாந்தீங்க?" என்றாள் மனைவி.

"நானும் நோயாளிதான்."

"நீங்க விழுந்தா எந்தக் கார்டக் காட்டுவீங்க?"

மகள், "உங்களுக்கும் பதிஞ்சு விடட்டுமாப்பா?" என்றாள். பெரிய மனது பண்ணுவது போல் "ம்" என்றேன்.

ஆரஞ்சு ஒன்றைத் தின்று பார்த்தேன். ஒரே புளிப்பு. அதிலும் அவன் தப்பித்துக்கொண்டான்.