வந்தவர்க்கெல்லாம் எழுந்து நின்றவனுக்கு

என் தோஸ்த், என் மச்சான் அன்வருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சலாம் கேட்டதும் எழுந்து நிற்காதே, படு. இனிமேலாவது ஓய்வெடு.

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. தினம் பார்க்கிறவனுக்கு எதற்குக் கடிதம்? ஆனால் போன வாரம் பள்ளிகொண்டாவில் ஒரு காரியம் நடந்தது. அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். உன் பெருமையைப் பேச எனக்கு என்ன வெட்கம்?

ஆம்பூரில் ஒரே ஷூ கம்பெனியில் தலை நரைத்தவர்கள் நாம். நீ தோலைத் தரம் பிரிக்கிற மேசை முன்னால் காலமெல்லாம் நின்றே சம்பாதித்தாய். நான் கம்பெனி வேன் ஓட்டி, உட்கார்ந்தே சம்பாதித்தேன். "உட்கார்றதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நீதான்டா" என்று கேலி பண்ணுவாய். அப்படி நின்ற மனுஷனைக் குடலில் வந்த புற்றுநோய் படுக்கையில் தள்ளியது.

வலிக்கு மருந்து இருந்தது. அசதிதான் உன்னைத் தின்றது. "தூங்கி எழுந்தா போற அசதி இல்ல மச்சான் இது. சோத்துல கை வைக்கவே யோசிக்க வேண்டியிருக்கு. ஒரே பேஜார்" என்றாய். உன்னை மச்சான் என்று கூப்பிட்ட நாளிலிருந்து உன் மனைவி ஷமீம் எனக்குத் தங்கச்சி. அவள் சமையலறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவதை நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

உனக்கு ஒரே ஆசைதான் மிச்சம். ரம்ஜான் பெருநாள் அன்று ஈத்கா மைதானத்தில் வரிசையில் நின்று தொழ வேண்டும். முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து தொழலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தே வீடு தேடி வந்து சொன்னார். "அது தப்புன்னு சொல்லல ஹஸ்ரத். எனக்கு இது கடைசிப் பெருநாள். என் கால்ல நிக்கணும்" என்றாய். அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே உன்னை வேலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா ரத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார். "படுத்தே இருந்தா அசதி ஜாஸ்திதான் ஆகும் பாய். ஸ்டீராய்டு மாத்திரை தர்றேன். காலைல சாப்பிட்டதும் போடுங்க. கொஞ்ச நாளைக்குத்தான், நானே பார்த்துக் குறைச்சு நிறுத்துவேன், நீங்களா நிறுத்தக் கூடாது. மாத்திரை உங்களை எழுப்பி விடும். ஆனா அது தொடைச் சதையைக் கரைக்கும். அதனால தினம் நடக்கணும், எக்சர்சைஸ் பண்ணணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் பலன்" என்றார். நோய் இதனால் குறையாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். நீ தலையாட்டினாய்.

பயிற்சி சொல்லித் தருகிற பெண் உன்னை நாற்காலியில் உட்கார வைத்து, கை ஊன்றாமல் எழு, உட்கார், மறுபடி எழு என்றாள். வெளியே வந்ததும், "இந்த வயசுல எனக்குத் தோப்புக்கரணமாடா?" என்று சீறினாய்.

சில நாளில் மாத்திரை வேலை செய்தது. நீ வாய்விட்டுப் பிரியாணி கேட்டாய். ஷமீம் அழுதுகொண்டே அரிசி கழுவினாள். ரெண்டு கவளம் உள்ளே போனதும் ராஜா ஆகிவிட்டாய். "வண்டிய எடுடா, கம்பெனிக்குப் போலாம்!" புத்தி கெட்டு நானும் எடுத்தேன். அந்த ஒரு நாள் ஆட்டத்துக்கு அப்புறம் உன்னால் தலை தூக்க முடியவில்லை. டாக்டரம்மா போனிலேயே நம் இரண்டு பேரையும் வறுத்தெடுத்தார். தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற வண்டியை அடக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். அது வேன்காரன் எனக்கே உறைக்கவில்லை பார்.

அதற்கப்புறம் வந்தார்கள் விருந்தாளிகள். நோயாளியைப் பார்க்கப் போவது உங்களில் கடமையாயிற்றே. பேரணாம்பட்டு, வாணியம்பாடி, இங்கே கம்பெனி ஆட்கள் என்று வாசலில் செருப்பு குறையவில்லை. நாற்காலியில் இருக்கிற நீ பழக்கதோஷத்தில் சலாம் சொல்லி எழப் பார்ப்பாய். அவர்கள் பதறிப்போய், "எழுந்திருக்காதீங்க பாய்!" என்று தோளைப் பிடித்து அழுத்துவார்கள். ஒரு நாள் ஷமீமுக்குக் கோபம் வந்துவிட்டது. "டாக்டர் எழுப்பி விடுறாங்க, சொந்தக்காரங்க படுக்க வைக்கிறாங்க. நான் யார் பேச்சைக் கேக்குறது?" என்றாள்.

அப்போதுதான் உனக்குப் பொறி தட்டியது. "இனிமே யார் வந்தாலும் எழுந்து நிப்பேன். அதான் என் எக்சர்சைஸ். தோப்புக்கரணத்துக்கு இது எவ்வளவோ மரியாதை" என்றாய். அன்றிலிருந்து வந்தவர் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்தாய். போகும்போதும் எழுந்தாய். வாசல்வரை நடந்து வழியனுப்பினாய். அதுதான் உன் நடைப்பயிற்சி.

நோன்பு மாதம் வந்தது. நோயாளி உனக்கு விலக்கு; மற்றவர்களுக்குப் பகலில் நோன்பு, ராத்திரி பள்ளிவாசல். ஆள் வரவு நின்றுபோனது. ஒரு நாள் சாயங்காலம் நான் மட்டும் உன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், வெளிய போய்ட்டு உள்ள வாடா."

"இன்னாத்துக்கு?"

"யாராச்சும் வந்தாத்தானே நான் எழுந்து நிக்க முடியும்?"

போனேன். செருப்பைப் போட்டேன், கழற்றினேன், சலாம் சொல்லி உள்ளே வந்தேன். நீ கை ஊன்றாமல் எழுந்து, "வாலைக்கும் சலாம், வாங்க வாங்க! வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றாய், சம்பந்தி வீட்டாரை வரவேற்கிற தோரணையில். மறுபடி போனேன், வந்தேன். மறுபடியும். எதிர்வீட்டு அம்மா ஷமீமைக் கூப்பிட்டு, "செல்வம் அண்ணனுக்கு இன்னா ஆச்சு, கிறுக்கு புடிச்சிடுச்சா?" என்று கேட்டார். "இல்லக்கா, இன்னிக்கு எங்க வீட்ல விருந்தாளி ஜாஸ்தி" என்றாள் என் தங்கச்சி. எனக்கு மூச்சு வாங்கியது, உனக்குச் சிரிப்பு.

சில நாள் உன்னால் முடியாது. நாற்காலியின் நுனிக்கு வந்து அங்கேயே உட்கார்ந்திருப்பாய். "சரி, அப்புறம் வர்றேன்" என்று நான் வாசலோடு திரும்பிப் போவேன். அடுத்த நாள் வருவேன்.

பெருநாள் காலையில் உன் தம்பி எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னாலேயே நடந்தான். வழக்கம்போல நான் மைதானத்து வாசலில் நின்றேன். அத்தனை வெள்ளைத் தொப்பியில் உன் தலை எது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலியைத் தேடினேன். அது காலியாக இருந்தது. தொழுகை முடிகிறவரை அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்டா. வெளியே வந்து என்னைக் கட்டிப் பிடித்து, "நின்னேன்டா" என்றாய்.

பக்ரீத் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது பள்ளிகொண்டா சேதி. என் வேனில் வந்துகொண்டிருந்த வசந்தியை நினைவிருக்கிறதா? தையல் பிரிவில் இருந்தவள். அவளுக்கும் அதே நோய், அதே அசதி. அவளுடைய டாக்டரும் மாத்திரையும் பயிற்சியும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். மாத்திரையைப் போடுகிறாள், எழ மாட்டேன் என்கிறாள். அவள் புருஷன் என்னைக் கூப்பிட்டான். மாத்திரையைப் பற்றி டாக்டரைக் கேளப்பா, எனக்குத் தெரிந்தது வேறு என்று சொல்லிவிட்டுப் போனேன். வாசலில் நின்று, "வசந்தி, செல்வம் அண்ணன் வந்திருக்கேன்மா" என்றேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். 'எழுந்திருக்காதே' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். உன் கதையைச் சொன்னேன். சிரித்தாள். "அப்போ இன்னொரு தடவ வெளிய போய்ட்டு வாண்ணா" என்றாள்.

கடைசியாக ஒன்று. நீ பார்த்திருக்க முடியாது, நான் பார்த்தேன். உன்னை அடக்கம் பண்ணுவதற்கு முன் நடந்த ஜனாஸா தொழுகையின்போது ஓரமாக நின்றிருந்தேன். அந்தத் தொழுகையில் குனிவதும் இல்லை, உட்காருவதும் இல்லை, முழுக்க நின்றபடியே என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உன் தோளை அழுத்தி உட்கார வைத்தவர்கள் அத்தனை பேரும் வரிசை வரிசையாக நின்றார்கள். யாருக்கெல்லாம் நீ எழுந்து நின்றாயோ, அவர்கள் எல்லாரும் உனக்காக நின்றார்கள் அன்வர்.

வசந்தி போதும் என்று சொல்கிறவரை அந்த வாசலில் போய்ப் போய் வருவேன், இது சத்தியம். என் முறை வரும்போது உன் வாசலுக்கும் வந்து சலாம் சொல்வேன். அன்றைக்கு மட்டும் எழுந்து நில்லுடா.

உட்கார்ந்தே சம்பாதித்த உன் மச்சான்,
வேன்காரன் செல்வம்