காய்த்த கையைத் தொற்றுநோய் என்று அறிவித்தது குறித்து

அனுப்புநர்:
பளுதூக்கும் வீராங்கனையின் தாயார்,
லேத் பட்டறைத் தொழிலாளி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விளையாட்டு விடுதிகள் துறை.

பொருள்: என் மகளின் கைக் காய்ப்பைத் தங்கள் மருத்துவர் நோயாகக் கண்டுபிடித்தது – விலக்கல் உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் தங்கள் விடுதியில் தங்கி நான்கு ஆண்டுகளாகப் பளு தூக்குகிறாள். தினமும் இரும்புக் கம்பியைப் பிடித்தால் உள்ளங்கை காய்த்துப்போகும். சில நாள் பிய்ந்து ரத்தமும் வரும். இது எங்கள் பட்டறை வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். தங்கள் மருத்துவருக்குத் தெரியவில்லை.

2. சென்ற வாரம் பரிசோதனைக்கு எழுந்தருளிய அப்பெருந்தகை, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, "அங்கேயே நின்னு காட்டும்மா, கிட்ட வராதே" என்றாராம். தொட்டுப் பார்க்கவில்லை. "தொற்றும் தோல்நோய்" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார். வரிசையில் முதலில் நின்றதுதான் அவள் செய்த குற்றம். அதே போன்ற கையுடைய மற்ற பெண்கள் வயிற்றுவலி என்று நழுவிவிட்டார்கள்.

3. அன்றிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, தனி வாளி. பயிற்சிக் கூடத்துக்குள் அனுமதி இல்லை.

4. மருத்துவரிடம் நானே போனேன். காய்ப்பு விழுந்த என் கையையும் நீட்டினேன். "ஓ, குடும்பத்துக்கே இருக்கா?" என்றார். நான் சிரிக்கவில்லை, ஐயா. சிரித்திருந்தால் அதற்கும் ஒரு நோயின் பெயரை எழுதியிருப்பார்.

5. தங்கள் அலுவலகம் சொன்ன பதில் அதைவிட அபாரம். கை வழவழப்பானதும் சான்றிதழோடு வந்தால் சேர்த்துக்கொள்வீர்களாம். மூன்று மாதம் பளு தூக்காமல் இருந்தால் கை வழவழப்பாகிவிடும். ஆனால் தேசிய அணித் தேர்வு வரும் வெள்ளிக்கிழமை. வயது வரம்பின்படி அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க அத்தனை நாற்காலிகளில் ஒருவர்கூடவா இல்லை?

6. என் மகள் யோசித்திருக்கிறாள். நேற்று காலை குளியலறையில் பிளேடை எடுத்துக் காய்ப்பைச் சீவியிருக்கிறாள். "வழவழன்னு ஆயிட்டா விட்டுடுவாங்கல்லம்மா?" என்று கேட்டாள். இப்போது அவளால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

ஆகவே, அந்த உத்தரவை இன்றே ரத்து செய்து, புண் ஆறும்வரை அவளுக்கான தேர்வைத் தள்ளிவைக்குமாறும், கையைத் தொட்டுப் பார்க்கக் கூசாத மருத்துவர் ஒருவரை அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாள்: புதன்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை

தங்கள் பதிலுக்காக இங்கேயே உட்கார்ந்திருக்கும்,
அவளுடைய அம்மா
(ஒப்பம்)

இணைப்பு: என் மகள் சீவியெடுத்த தோல், உறையில். தொற்றாது, தைரியமாகத் திறக்கலாம்.