பன்னிரண்டு தட்டுகள்

என் அன்புக்குரியவருக்கு,

இங்கே நானும் நம் வாலுப்பெண்ணும் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது, ஆனாலும் வாய் ஓயவில்லை.

வேலையில் ஒரு தப்பு செய்துவிட்டேன். எலிக்குட்டியின் மூளை செல்களைத் தட்டுகளில் வளர்ப்பதுதான் என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாள் அவை யாரோ எவரோ என்று தனித்தனியாகக் கிடக்கும். பிறகு நூல் நூலாக நீட்டும். இரண்டாம் வாரம் நூல்கள் தொடும் இடங்களில் இணைப்புகள் உண்டாகும். சாயம் போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எண்ணித்தான் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பட்டம் வாங்க வேண்டும்.

வளர்ப்பு நீரை மாற்றும்போது பாதியைத்தான் எடுக்க வேண்டும். செல்கள் கசியவிட்டதெல்லாம் பழைய நீரில் இருக்கிறது. அது போனால் இணைப்பு சரியாகப் பிடிக்காது. எட்டு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அங்கே உங்கள் வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிவிட்டதாக உங்கள் கடிதம் வந்த அன்று, பன்னிரண்டு தட்டிலும் மொத்தமாக உறிஞ்சிக் கொட்டிவிட்டேன். கடைசித் தட்டில்தான் உறைத்தது. புது நீரை ஊற்றி மூடிவிட்டேன். வாயைத் திறக்கவில்லை.

செல்கள் பிழைத்துக்கொண்டன, புள்ளிகள்தான் கால்வாசிகூட இல்லை. தன் கைக்குத்தான் ராசியில்லை என்று அந்த மாணவி மூன்று நாள் திரும்பத் திரும்ப எண்ணினாள். எங்கள் ஆய்வகத் தலைவர் கேட்டபோதும் தன் தப்பு என்றே தலைகுனிந்து நின்றாள்.

நேற்று இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். தலைவர் என்னை ஒரு பிடி பிடித்துவிட்டார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "படிப்பை விட்டுடறேன்னு எழுதி வச்சிருந்தேன்க்கா. நாளைக்குக் குடுக்கறதா இருந்தேன்" என்றாள்.

இன்று இருவருமாகப் புதுத் தட்டுகள் போட்டோம். ஆனால் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் பதறுகிறது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு, "சரி, உங்கள் இஷ்டம்" என்று பதில் போட்டேன் அல்லவா? அது பொய். எனக்குச் சம்மதமில்லை. கோபித்துக்கொண்டாலும் சரி, வந்துவிடுங்கள்.

உங்கள் நலமே வேண்டும்
உங்கள் மனைவி