மூன்றாவது ஜோடி காந்தம் வேண்டாம்

தென்காசி
21.8.2025

அன்புள்ள குமரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மஸ்கட் வெயிலில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, காரணம் கீழே இருக்கிறது. போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனை அப்பா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கும்படி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், வாட்ஸப்பில் எழுதினால் அதையும் அவர்தான் முதலில் படிக்கிறார். அதனால் லீவு முடிந்து திரும்புகிற உன் கம்பெனி ரஹ்மத் கையில் இதைக் கொடுத்துவிடப் போகிறேன், அவன் கடையநல்லூரிலிருந்து நாளை வந்து வாங்கிக்கொள்வான். முழுக்கப் படித்து முடித்துவிட்டு அப்புறம் அப்பாவைக் கூப்பிடு.

எனக்கு முதலில் உன்மேல்தான் கோபம். போன வருஷம் பூராவும் அப்பா கிட்டார் சத்தம் மந்தமாக இருக்கிறது, போர்வைக்குள் வைத்து வாசித்த மாதிரி இருக்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தார். கம்பியை மாற்றினார், வயரை மாற்றினார், தீரவில்லை. முப்பத்திரண்டு வருஷமாகக் கச்சேரிக் குழுவில் அதே கிட்டாரை வாசிக்கிறவர், அவருக்குத் தெரியாததா என்று நானும் பேசாமல் இருந்தேன். நீ என்ன செய்தாய், கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப்புக்குள்ளே காந்தம் வலுவிழந்திருக்கும், மாற்றினால் சத்தம் கணீரென்று வரும் என்று சொல்லி இரண்டு பிக்கப்புக்கும் இரண்டு காந்தத்தைக் கூரியரில் அனுப்பினாய். சீப்பில் பாதி நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, அதற்காக நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. சாப்பாட்டு மேஜை முழுக்க ஸ்க்ரூவும் டேப்பும் பரத்திக் கிடந்தன, என் ஊசி டப்பாவில் இருந்த குண்டூசி அத்தனையும் அதில் போய் ஒட்டிக்கொண்டது. நீ வீடியோவில் அங்கே இருந்து சொல்ல, அவர் இங்கே பிரிக்க, முடியைவிட மெலிந்த செம்புக் கம்பி அறுந்துவிடக் கூடாது என்று நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கி நின்றேன். ஒரு காந்தத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார். இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வைத்து வாசித்ததும் கீபோர்டு வாசிக்கிற விஜயசங்கர், “அண்ணாச்சி, என்ன இது, மூக்கடைச்சவன் பாடுத மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டான். மறுபடியும் பிரித்துச் சரிசெய்தார். அப்பவும் மந்தம்தான் என்றார். உடனே நீ இன்னும் வலுவான காந்தம் என்று இரண்டாவது ஜோடியை ரஹ்மத்திடம் கொடுத்து அனுப்பினாய். அடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டாயா நீ.

அதைப் போட்டுக்கொண்டுதான் குற்றாலத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்கப் போனார். வெளியே நல்ல சாரல், மண்டபம் நிறையக் கூட்டம், நானும் போயிருந்தேன். முதல் பாட்டிலேயே முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், கைக்குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது, தாய் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அப்பா தலையைக் குனிந்தபடி சத்தத்தை இன்னும் கூர்மையாகத் திருகிக்கொண்டிருந்தார். விஜயசங்கர் எழுந்து வந்து அவருடைய ஸ்பீக்கர் பெட்டியில் அந்தத் திருகைக் குறைத்தான். சபையில் வைத்துத் தன்னை அவமானப்படுத்தியதாக நினைத்து, பாட்டுப் பாதியில் இருக்கும்போதே வயரைப் பிடுங்கிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். இத்தனை வருஷத்தில் காய்ச்சலோடு வாசித்திருக்கிறார், மழையில் நனைந்து வாசித்திருக்கிறார், பாதியில் இறங்கியது கிடையாது. பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திகைத்து நின்ற முகம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மறுநாள் காலையில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு பிக்கப்பில் பழைய காந்தத்தைத் திரும்பப் போட்டிருந்தார், மற்றதில் நீ அனுப்பியது. இதிலும் அதிலும் மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, “உள்ளதச் சொல்லு, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா” என்றார். எனக்குச் சங்கீதம் என்ன தெரியும், ஆனால் புதியது சில்வர் தட்டில் ஆணியால் கீறுவது மாதிரி இருந்தது, அப்படியே சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, உலகு” என்றார். குக்கர் நாலு விசில் விட்டாலும் அடுப்பை அணைக்காமல் பக்கத்திலேயே பேப்பர் படிப்பாரே, காலிங் பெல் அடித்தால் நான் கொல்லையிலிருந்து ஓடி வரவேண்டுமே, அதையெல்லாம் திமிர் என்று நினைத்து இந்த ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருநெல்வேலியில் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்துவிட்டு ஒரு தாளைக் காட்டினார், அதில் கோடு பாதிவரைக்கும் சமமாக வந்து அப்புறம் அருவி மாதிரி கீழே விழுகிறது. இத்தனை வருஷம் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதுதான் காரணம், மெல்லிய கூரான சத்தங்கள் போய்விட்டன, போனது திரும்பாது, காதில் மிஷின் வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம் என்றார். மிஷின் வந்தது. ஒரு மணி நேரம் வைத்திருந்துவிட்டு, “கரண்டி படுத சத்தம், பேப்பர் திருப்புத சத்தம், எல்லாம் மண்டைக்குள்ள கேக்கு, எடு எடு” என்று கழற்றிப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். குமரனிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. விஜயசங்கர் வீடு தேடி வந்து, “கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி, ஆவணி முகூர்த்தத்துக்கு நீங்க இல்லாம எப்படி” என்று கெஞ்சினான். “காந்தம் வரட்டும்” என்று பதில் சொன்னார். அதுதான் போன வெள்ளிக்கிழமை உன்னிடம் மூன்றாவது ஜோடி கேட்டது. நீயும் சரிப்பா, ஆர்டர் போடுகிறேன் என்கிறாய். தகப்பனும் மகனுமாக என் உயிரை வாங்குகிறீர்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை அவர் வாழ்நாள் சான்று கொடுக்க பென்ஷன் ஆபீசுக்குப் போன நேரத்தில் கிட்டாரை எடுத்து மேஜையில் வைத்தேன். மூன்று தடவை டார்ச் பிடித்தவளுக்கு அந்த வேலை தெரியாதா. கம்பியைத் தளர்த்தி, ஸ்க்ரூவைக் கழற்றி, புதியதைத் தள்ளி எடுத்துவிட்டு, பழைய காந்தத்தில் மேல்பக்கம் என்று அவர் பென்சிலால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துச் செருகினேன். அந்த மெல்லிய கம்பி அறுந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். அவர் வந்து காபி குடித்ததும் மிஷினை எடுத்து நீட்டி, எனக்காக ஒரே ஒரு தடவை இதை வைத்துக்கொண்டு வாசியுங்கள், அப்புறம் நான் ஒன்றும் கேட்கமாட்டேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வைத்துக்கொண்டார். ஒரு தட்டுத்தான் தட்டினார், கை அப்படியே நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏட்டி, பழைய காந்தத்த யாரு போட்டா” என்றார். நான்தான் என்றேன். “எந்தப் பக்கம் மேலன்னு ஒனக்கு எப்படித் தெரியும்” என்று சத்தம் போட்டுக்கொண்டே இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் திட்டவில்லை. விளக்கு வைக்கும்வரை வாசித்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி சமையலறைக்குப் போய்விட்டேன்.

இத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன் பார். மறுநாள் காலையில் மிஷின் திரும்பவும் பீரோவுக்குள். கேட்டால் மேடையில் வைத்துக்கொண்டு போனால் கிழவன் என்பார்கள் என்கிறார். நான் சொன்னால் நச்சரிப்பு, நீ சொன்னால் வேதவாக்கு, அதனால் நீதான் சொல்லவேண்டும். காந்தத்தில் குற்றம் இல்லை, காதில்தான் என்று சுற்றிவளைக்காமல் சொல், ஆர்டர் போட்டிருந்தால் ரத்துசெய். வருகிற முப்பதாம் தேதி கல்யாணத்தில் மிஷினோடு வாசித்து ஒரு வீடியோ அனுப்பும்படி கேள், உனக்காகச் செய்வார். உலகம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றுவாள், மோர் நிறையக் குடி, வெயிலில் தலையில் துணி கட்டாமல் இறங்காதே. அம்மா எழுதினாள் என்றே அப்பாவிடம் சொல்லு, மறைக்கவேண்டாம். திட்டினால் திட்டட்டும், எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா
த. உலகம்மாள்