இரண்டு வரி உத்தரவு

மாமா,

விடைத்தாள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க என் மேசையில் ஓர் அரைச் செங்கல்லை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்தது, மறுபக்கம் பாசி பிடித்தது. உடன் வேலை செய்கிறவர்கள் பார்த்து முகம் சுளிப்பார்கள். அது எந்தச் சுவரின் கல் என்று உங்களுக்குத் தெரியும்.

தளபதிகள் மீது எனக்கு மயக்கம் இருந்ததில்லை. விழுப்புரத்தில் என் வீட்டுக்கு நீங்கள் வரும்போதெல்லாம் உங்கள் பதக்கங்களைக் கிண்டல் செய்வேன். நீங்கள் கோபப்பட்டதில்லை. "வரலாறு வாத்தியாரம்மா, பங்களாதேஷ் போர்ல அந்த ஆத்துல பாலம் போட்டது நான்னு எழுதிக்கினு கீறாங்க. குண்டு பட்டு வுழுந்தவன ஆத்துலேர்ந்து தூக்கினு வந்தது அந்தோணி. அத எவன் எழுதினான்?" என்பீர்கள்.

அந்தோணி உங்கள் படையில் சிப்பாய். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நம் ஊரே அவருக்கும். ஆனால் அவர் காலனிக்காரர். கல்லறைத் தோட்டத்தின் நடுவில் சுவர். கோயில் வாசல் பாதை நம்மவர்களின் மேற்குப் பக்கத்தோடு முடிந்துவிடும். காலனி ஜனங்கள் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் வரவேண்டும். அந்தோணியின் அடக்கத்துக்கு நீங்கள் சீருடையில் வந்தீர்கள். "ஐயா, அந்தாண்ட சேறு, இங்கியே நில்லுங்க" என்றார்கள். சுவருக்கு மேலாக சல்யூட் அடித்தீர்கள். "அன்னிக்கி நின்னுட்டேம்மா" என்று பிறகு பலமுறை சொன்னீர்கள். வேறெந்தத் தோல்வியையும் நீங்கள் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசி வருடம் எனக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். "என் பெட்டி கோயில் வாசல் வழியாகவே போக வேண்டும், சுற்றிப் போகக் கூடாது. என்னைக் கிழக்கே அந்தோணிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்." ஒன்றுக்கொன்று ஒத்துவராத வரிகள். வயதாகிவிட்டது என்று நினைத்து ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன்.

நீங்கள் போனதும் முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். மேற்கே குழி வெட்டி, பூவும் தூவியிருந்தார்கள்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் கடுதாசி காட்டினா இன்னாம்மா அர்த்தம்?" என்றார் நாட்டாண்மை.

"அந்தக் குழியை மூடிடுங்க" என்றேன். அவ்வளவு உரக்க நான் எந்த வகுப்பிலும் பேசியதில்லை.

ராணுவத்திலிருந்து சிப்பாய்களோடு வந்திருந்த தமிழ்க் கேப்டன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். வாசலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "ரெண்டும் நடக்கணும்னா சுவர்ல வழி வேணும். சார் அதைத்தான் கேட்டிருக்கார்" என்றார். கேள்விக்குறி போட்டவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"செத்தவரு ஆர்டர் போடுவாரா?" என்றார் நாட்டாண்மை.

"போட்டப்ப உயிரோடதானேங்க இருந்தார்?" என்றார் கேப்டன்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்தோணியின் மனைவி குரல் கொடுத்தார்: "இன்னாப்பா பேசிக்கினே கீறீங்க? மனுசன வெயில்ல வெச்சிக்கினு! ஜல்தி!"

பங்குச் சாமியார் சிலுவையோடு சுவரோரம் போய் நின்றார். "இந்த வழியா போலாம்" என்றார். நாட்டாண்மை விலகினார்.

பாலம் கட்டிப் பழகிய கைகளுக்கு ஒரு சுவரை இடிப்பது எம்மாத்திரம்! சிப்பாய்களே கிழக்கே குழியும் வெட்டினார்கள். கொடி போர்த்திய உங்கள் பெட்டியைத் தூக்கியவர்கள் செங்கல் தூளை மிதித்துக்கொண்டு கடந்தார்கள். பின்னால் மேற்குப் பக்கத்தார் ஒவ்வொருவராக வந்தார்கள். மரியாதை வேட்டுக்குச் சிப்பாய்கள் துப்பாக்கிகளை உயர்த்தியபோது அந்தோணியின் மனைவி கேப்டனிடம், "எங்க வூட்டுக்காரருக்கும் சேத்துத்தானே சுடறீங்க?" என்றார்.

"ஆமாம்மா. ரெண்டு பேருக்கும்தான்."

இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு ஒரே வாளிச் சுண்ணாம்பில் இரண்டு பக்கக் கல்லறைகளுக்கும் அடித்தார்கள். உங்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற இடமில்லை, அவ்வளவு பேர் ஏற்றியிருந்தார்கள். நாட்டாண்மை மெல்ல என்னிடம் வந்தார். "கல்லுங்க அப்படியே குவிஞ்சி கீதும்மா. எடுத்து அடுக்கினா சுவரு பழையபடி ஆயிடும்" என்றார்.

"ஆகாதுங்க. ஒரு கல் குறையும்" என்றேன்.

அதை நான் தருவதாக இல்லை, மாமா.