ஒரே காலால் சாலை கடந்த கண்ணன்

காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் தார் நெடி முகத்தில் அடித்தது. பள்ளிக்கூட வாசலுக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் சாலை புதிதாகக் கறுத்துப் பளபளவென்று கிடந்தது. பாலத்துப் பக்கம் திரும்பினாலும் சரி, அம்மா மண்டபத்துப் பக்கம் திரும்பினாலும் சரி, ஒரு மேடு பள்ளம் இல்லை. டீக்கடை அண்ணனுக்கு ஒரே பெருமை. "பாத்தியாம்மா, ஏர்போர்ட்டு மாதிரி போட்டிருக்கான்" என்றார். நான் நம் வேகத்தடையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு மேலே தாரை ஊற்றியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக்கு வெளியூர்க் கூட்டம் வரும். வருகிறவர்கள் குலுங்காமல் வர வேண்டுமாம்.

உன்னிடம் சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் நீ செத்துப்போனது நினைவுக்கு வந்தது. இரண்டு மாதமாக இப்படித்தான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பாலத்தில் வண்டிகள் நத்தையாக ஊர்ந்து வரும். மாம்பழச்சாலை தாண்டியதும் அவிழ்த்துவிட்டது போல ஒரு பாய்ச்சல் பாயும். அந்தப் பாய்ச்சல் உச்சத்துக்கு வருகிற இடத்தில்தான் நம் பள்ளியின் வாசல். எந்தப் புண்ணியவான் அங்கே வாசல் வைத்தானோ தெரியாது. நீ அங்கே இரண்டாம் வகுப்பு டீச்சர். நான் எதிர்ச்சாரியில் ஆதார் அட்டைக்கு நகல் எடுக்கிறவள். ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து நாம் பேசாமல் இருந்த நாள் குறைவு. நீ எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். மணி அடிப்பதற்கு முன்பு என் கடையில் டீ, சாயங்கால மணி அடித்ததும் மறுபடி டீ. நடுவில் சாலையைப் பார்த்துத் திட்டுவோம்.

திட்டுவது போதாது என்று ஆனது அந்த டப்பா நசுங்கிய நாளில்தான். ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது. உன் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் பையிலிருந்து எவர்சில்வர் டப்பா நழுவிச் சாலைக்கு உருண்டது. அவள் பின்னாலேயே ஓடினாள். நீ எட்டி அவள் பின்னலைப் பிடித்து இழுத்தாய். தனியார் பஸ் ஒன்று பிரேக்கைத் தொடக்கூட இல்லாமல் டப்பாவின் மேல் ஏறிப் போயிற்று. அந்தக் குழந்தை பின்னல் வலிக்கிறது என்று அழுதது. நீ சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாய். டப்பா அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. மடிப்பில் தயிர்சாதம் ஒட்டியிருந்தது.

மறுவாரம் அந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டு நாம் நெடுஞ்சாலைத் துறை அலுவலகம் போனோம். அதற்கு முன்பே வேறொரு அலுவலகத்தில் "இந்த ரோடு எங்களது இல்ல" என்று அனுப்பியிருந்தார்கள். இங்கே இருந்த அதிகாரி தன்மையானவர். உட்காரச் சொன்னார். பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும், இருபதுக்கு மேல் போகக் கூடாது என்று பலகை வேண்டும், பள்ளி விடும் நேரத்தில் ஒரு போலீஸ் வேண்டும் என்று நீ கேட்டாய். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்டார்.

"அந்த எடத்துல விபத்து ஏதாவது பதிவாயிருக்காம்மா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்ப எப்படிம்மா? உயிர்ச்சேதம் ஏதாவது ஆகியிருந்தா ஃபைல் நகரும். சும்மா கேட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்க."

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஆனால் நீதான் முந்திக்கொண்டாய். கத்தவில்லை. வகுப்பில் பேசுவதைப் போலத்தான் பேசினாய்.

"எந்தக் குழந்தைன்னு சொல்லிடுங்க சார். என் கிளாஸ்ல நாப்பது பேர் இருக்காங்க. அட்டெண்டன்ஸ கொண்டாறேன், நீங்களே டிக் பண்ணிக் குடுத்துடுங்க."

"என்னம்மா இப்படிப் பேசுறீங்க?"

"நீங்க சொன்னதத்தான் சார் நான் திருப்பிச் சொல்றேன்."

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். உன் கையிலிருந்த தம்ளர் பல்லில் கடகடவென்று இடித்தது. "பாருடி, கை எப்படி நடுங்குது. உள்ள என்னமோ பெரிய வீராங்கனை மாதிரி பேசிட்டு வந்துட்டேன்" என்று சிரித்தாய். உனக்குப் பயமே கிடையாது என்று இப்போது உன் அஞ்சலிக் கூட்டத்தில் பேசினார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். பயந்துகொண்டேதான் எல்லாவற்றையும் செய்தாய்.

அந்த வருஷம் முழுவதும் காலையும் மாலையும் சாலையில் இறங்கி நின்றோம். துணைக்கு வந்த அம்மாக்களுக்கு நீ சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. "வண்டியப் பாக்காதீங்க. ஓட்டுறவன் மூஞ்சியப் பாருங்க. மூஞ்சியப் பாத்துட்டா அவனுக்கு வெக்கம் வந்துடும்." எல்லாருக்கும் வரவில்லை. பிள்ளையை முன்னால் நிற்க வைத்துப் பூப்போல வண்டி ஓட்டி வந்து இறக்கிவிட்டு, அடுத்த நொடியே முறுக்கிக்கொண்டு பறக்கும் அப்பாக்கள்தான் எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டினார்கள். ஒருவரை நீ ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினாய்.

"ஏங்க, இவ்வளவு நேரம் மெதுவாத்தான வந்தீங்க?"

"ஆபீசுக்கு நேரமாச்சுங்க டீச்சர்."

"உங்க புள்ளைய எறக்கிட்டீங்க, சரி. மிச்சப் புள்ளைங்க எல்லாம் என்ன கோழிக்குஞ்சுங்களா?"

அவர் மறுநாளிலிருந்து மெதுவாகப் போனார். அதற்கு மறுநாள் வேறு சந்து வழியாகப் போக ஆரம்பித்தார். அங்கே வேகமாகத்தான் போயிருப்பார்.

மார்கழி வந்தது. எங்கள் தெருவில் பெரிய கோலம் கிடந்தால் வண்டிக்காரர்கள் தயங்கி ஓரம்கட்டிப் போவதை உனக்குக் காட்டினேன். "அப்ப அங்க ஒண்ணு போடுடி!" என்றாய். நான் பள்ளி வாசலுக்கு நேரே நட்டநடுச் சாலையில் சங்கும் சக்கரமுமாகப் பெரிதாகப் போட்டேன். ஸ்ரீரங்கத்தில் பெருமாளின் சக்கரத்தின் மேல் எவன் டயரை ஏற்றுவான் என்று நம்பிக்கை. ஒருவனும் ஏற்றவில்லை. எல்லாரும் கோலத்தை விட்டு ஒதுங்கினார்கள். அதே வேகத்தில், வளைத்து, பள்ளிச் சுவரை ஒட்டி. குழந்தைகள் வரிசையாக நிற்கும் அதே ஓரத்தில். நீ பாய்ந்து போய் உன் துப்பட்டாவாலேயே சக்கரத்தைத் துடைத்தாய். நான் சங்கைக் காலால் தேய்த்தேன். டீக்கடை அண்ணன் நம்மைப் பார்த்து வாய் பிளந்து நின்றார். நடுவில் சாமியை வைத்தால் ஓரத்தில் மனுஷன் சாவான் என்பது அன்றைக்குத்தான் நமக்கு உறைத்தது.

"ஓரத்துலேந்து ஓரம் வரைக்கும் போடணும். ஒதுங்க எடமே இருக்கக் கூடாது" என்றாய். என்ன போடுவது என்று யோசித்தபோது எனக்குக் கண்ணன் பாதம் ஞாபகம் வந்தது. கண்ணன் பிறந்த ஸ்ரீஜெயந்தி அன்று வாசலிலிருந்து பூஜை அறை வரை எங்கள் வீடுகளில் வைக்கும் சின்னப் பாதங்கள். கையை மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்து அழுத்தினால் உள்ளங்கால். விரல் நுனியால் ஐந்து பொட்டு. வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று. ஸ்ரீஜெயந்திக்கு இன்னும் எவ்வளவோ மாதம் இருந்தது. நாம் கவலைப்படவில்லை. மாவுக்குப் பதில் வெள்ளை பெயிண்ட் வாங்கினோம்.

பள்ளி வாசலிலிருந்து எதிர்ச்சாரி வரை ஆளுக்குப் பாதி. என் பாதி ஒழுங்காக நடந்தது. நீ இடது கையில் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வலது கையாலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போனாய். உன் பாதிச் சாலை முழுக்க ஒரே காலாக இருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு வண்டிகள் வேகம் குறைந்தன. ஸ்கூட்டரில் வந்த ஓர் அம்மா நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒதுங்க இடமில்லாமல் ஷேர் ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே ஊர்ந்தார்கள். லாரிக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டுதான் போனான். அதைப் பார்த்துவிட்டு உத்தர வீதிப் பெரியவர் ஒருவர் வேகமாக வந்தார். நெற்றியில் திருமண், கையில் பால் தூக்கு.

"யாரும்மா இது? பகவான் திருவடி மேல டயர் ஏறறதே! அபசாரம் இல்லையோ?"

"ஏறக் கூடாது மாமா. அதத்தான் நாங்க இவ்வளவு நாளா சொல்லிட்டிருக்கோம்" என்றாய்.

அவர் உன்னைப் பார்த்தார். பிறகு வாசலில் கும்பலாக நின்ற குழந்தைகளைப் பார்த்தார். கோபம் பாதியில் நின்றது.

"நீ எந்தத் தெரும்மா?"

"எடமலைப்பட்டி புதூர் மாமா. மாதா கோயில் பக்கத்துல."

"கிறிஸ்தவப் பொண்ணா? அதான், இப்படி ஒத்தக் காலா வச்சிருக்கே."

"நொண்டி வெளையாடிட்டே போறான் மாமா. கொழந்ததான?"

அவர் சிரித்துவிட்டார். பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு யாருக்கோ போன் செய்தார். அந்த வாரமே வேகத்தடையும் இருபது என்று போட்ட பலகையும் வந்தன. குழந்தைகளுக்காக நாம் கொடுத்த மனு எங்கே தூங்கிக்கொண்டிருந்ததோ, கண்ணன் பாதத்துக்காக ஒரு போன் போதுமானதாக இருந்தது. எனக்கு அன்று சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். "குழந்தைக்குக் கெடைக்கல, சாமிக்குக் கெடச்சுது, பாரு" என்று பொரிந்தேன். நீ கை விரலிடுக்கில் காய்ந்த பெயிண்டை உரித்துக்கொண்டே, "இருக்கட்டும்டி. ரெண்டு பேருக்கும் காலு ஒரே சைஸு" என்றாய்.

சில மாதங்கள் அந்த வாசலில் ஒரு சாதாரண காலை எப்படி இருக்கும் என்று பார்த்தோம். குழந்தைகள் கையை உதறிவிட்டுத் தாங்களாகவே கடந்தார்கள். நீ நடுச்சாலையில் நிற்காமல் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து டீயைச் சூடாகக் குடித்தாய். அவ்வளவுதான் நாம் கேட்டதும்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று லீவு போட்டாய். ரத்த அணு குறைகிறது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அந்த வாரமே எல்லாம் முடிந்தது. இதைப் பற்றி அழகாக எழுத எனக்கு எதுவும் இல்லை. கொசுவுக்கு மருந்தடித்திருந்தால் நீ இருந்திருப்பாய்.

இன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். நசுங்கிய டப்பாவை எடுத்துப் போனேன். அதே அதிகாரி. தலைமுடி கொஞ்சம் கொட்டியிருக்கிறது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"வேகத்தடைதான? ரோடு புதுசா போட்டா பழசு போயிடும்மா. திரும்ப மொதல்லேந்துதான் வரணும். ஆமா, உங்க கூட ஒரு டீச்சர் வருவாங்களே, அவங்க வரலையா?"

"இறந்துட்டா சார்."

நிஜமாகவே பதறினார். "அய்யய்யோ. எப்பம்மா? ஆக்சிடெண்ட்டா? அந்த எடத்துலயா?"

அப்படிக் கேட்கும்போதே அவர் கை ஃபைல் அடுக்கின் பக்கம் போனது. அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கையை அப்படிப் பழக்கியிருக்கிறார்கள்.

"இல்ல சார். காய்ச்சல்ல."

கை மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டது.

"அவ சாவு உங்க ஃபைலுக்கு உதவாது சார்" என்றேன். "வேற சாவும் எங்ககிட்ட கெடையாது. கொண்டாரவும் மாட்டோம். ஃபைலு நகர்றப்ப நகரட்டும். அதுவரைக்கும் ரோட்டுல நாங்க இருப்போம்." டப்பாவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். நீ பேசியதைப் போல அமைதியாகப் பேச வரவில்லை. பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கினேன். என் கையும் நடுங்கியது.

திரும்பி வந்தபோது இருபது என்று போட்ட பலகையும் கண்ணில் படவில்லை. அதன் மேல் யாரோ காதணி விழா பேனரைக் கட்டியிருக்கிறார்கள். கடைக் கத்தரிக்கோலை எடுத்துப் போய் எண் தெரிகிற அளவுக்கு வட்டமாக வெட்டினேன். விழா நாயகனின் தாய்மாமன் நெற்றியில் இப்போது இருபது என்று தெரிகிறது. சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

பள்ளி விடுவதற்கு முன்பே, நான் போன் செய்திருந்த பழைய அம்மாக்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் இரண்டு முனையிலும் நின்று வண்டிகளை மறித்தார்கள். ஹாரன் காதைக் கிழித்தது. நான் குனிந்து பெயிண்டில் கையைத் தோய்த்தேன். புதுத் தாரில் வெள்ளை எவ்வளவு பளிச்சென்று விழுகிறது தெரியுமா? ஓர் அம்மா, "ரெண்டு கையாலயும் வைங்க அக்கா, ஒரே காலா வருது" என்று நினைவூட்டினார்.

தெரியும் என்றேன். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாசலிலிருந்து என் கடைப் படி வரைக்கும் முழுச் சாலையையும் வலது கையாலேயே வைத்து முடித்தேன். மணி அடித்தது. கேட்டைத் திறந்ததும் உன் பழைய வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கால்களைப் பார்த்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு காலை மடக்கிக்கொண்டு நொண்டியடித்தபடியே அதன் மேல் சாலையைக் கடக்க ஆரம்பித்தார்கள். அப்படிக் கடந்தால் நேரம் ஆகும். பாலத்திலிருந்து வந்த பஸ் நின்றுகொண்டிருந்தது. நான் வெள்ளைக் கையை நீட்டியபடி, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசிப் பிள்ளை இந்தப் பக்கம் வந்து சேரும் வரை அவர் காத்திருந்தார்.

நாளைக்கும் நிற்பேன்.